எமர்ஜென்சியில் டோக்கன் ஏன் இல்லை?

கேள்வி: போன மாதம் என் தம்பி பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனை எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பிறகு தானாக நடந்து வந்த ஒரு பெரியவர் ஐந்தே நிமிடத்தில் உள்ளே போனார். தெரிந்தவர் என்றால் தனிச் சலுகையா? தெருமுனை கிளினிக்கில்கூட டோக்கன் தருகிறார்களே?
- வாசகி, திருச்சி

பதில்: வரிசை இருக்கிறது. வந்த நேரத்தை வைத்துப் போட்ட வரிசை இல்லை, அவ்வளவுதான்.

சிபாரிசே நடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், நடந்து வருகிறவர் நன்றாக இருக்கிறார் என்று எமர்ஜென்சியில் யாரும் நம்புவதில்லை. ‘காலையிலேர்ந்து வாயுத் தொல்லை மாதிரி இருக்கு சார்’ என்று சொல்லிக்கொண்டே மாரடைப்போடு நடந்து வருகிறவர்கள் உண்டு. சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருக்கும். கை அடிக்கடி தாடைக்குப் போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரலாம். வாசலில் இருக்கும் நர்ஸுக்குச் சந்தேகம் தட்டினால், வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். தம்பியின் மணிக்கட்டு இரண்டு மணி நேரம் தாங்கும். இதயத் தசை தாங்காது.

இப்படித் தரம் பிரிப்பதற்கு ட்ரையாஜ் என்று பெயர். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, காயம்பட்டவன் தளபதியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்ததிலிருந்து இந்த வழக்கத்துக்கு வரலாறு சொல்வார்கள். 1990-களில் உருவான மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்: சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். உங்கள் தம்பி பெரும்பாலும் பச்சை.

அதற்காக அந்த மருத்துவமனை செய்தது சரி என்று சொல்லவில்லை. பச்சை என்றால் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. வந்தவுடன் கைக்குக் கட்டைக் கட்டு போட்டு, ஒரு வலி மாத்திரை கொடுத்து, ‘உங்களுக்கு ஆபத்தில்லை, நேரமாகும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மருத்துவர்கூட வேண்டாம். சின்னக் காயங்களுக்கென்று தனியாக ஒரு மேசை போட்டுவிட்டால், இத்தகைய ஆட்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். செலவும் அதிகமில்லை, பல இடங்களில் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்வி: நான் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறேன். எமர்ஜென்சி டாக்டர் சில சமயம் சும்மா உட்கார்ந்திருக்கிறார், சில சமயம் கூட்டம் தாங்கவில்லை. யார் எப்போது வருவார் என்றே தெரியாத இடத்தில் எதைத் திட்டமிடுவது?
- வாசகர், மதுரை

பதில்: அந்தச் ‘சும்மா’வைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக எர்லாங் என்ற கணித அறிஞர் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கு ஒன்று உண்டு. அதன் எளிய வடிவத்தைப் பாருங்கள். ஒரே டாக்டர், ஒருவருக்குச் சராசரியாக 15 நிமிடம், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் வேலை இருந்தால், சராசரிக் காத்திருப்பு 1 மணி நேரம். 90 சதவீதம் என்றால் இரண்டே கால் மணி. 95 சதவீதம் என்றால் நாலே முக்கால் மணி! மேலும் ஐந்து சதவீத ஓய்வைப் பிடுங்கியதற்கு இரண்டரை மணி நேரம் விலை. ‘ஆள் அதிகம், குறைக்கலாம்’ என்று எக்செல் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

யார் வருவார் என்று தெரியாதுதான். எத்தனை பேர் வருவார்கள் என்பது ஓரளவு தெரியும். பொதுவாக விடிகாலை மந்தம், காலை பத்து மணிக்கு மேல் ஏறும், மாலை வரை இறங்காது. திங்கட்கிழமை கூட்டம் பெரும்பாலான ஊர்களில் உண்டு. தீபாவளி இரவு தீக்காயம் வரும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். உங்கள் பதிவேட்டை மணிவாரியாக எண்ணிப் பார்த்து ஷிப்ட் போடுங்கள்.

ஆனாலும் நெரிசலின் வேர் கீழே இல்லை, மேலே வார்டில் இருக்கிறது. அட்மிஷன் எழுதியாகிவிட்டது, படுக்கை இல்லை. நோயாளி எமர்ஜென்சி ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார். பந்தியில் முதல் வரிசை எழுந்தால்தானே அடுத்த வரிசை உட்காரும்? வார்டில் காலை ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸில் ‘இன்னைக்குப் போகலாம்’ என்கிறார் பெரிய டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகப் பன்னிரண்டு. மீதி மருந்தைப் பார்மஸியில் திருப்ப ஒன்று. இன்ஷூரன்ஸ் அப்ரூவல் நாலு. கட்டிலைத் துடைத்து விரிப்பு மாற்றும்போது ஐந்தரை. கீழே கூட்டம் பதினொரு மணிக்கே நிரம்பிவிட்டது. நாளை போகப்போகிறவரின் சம்மரியை இன்று மாலையே எழுதிவைத்தால், புது டாக்டர் ஒருவரைப் போடுவதைவிட அதிக பலன் கிடைக்கும்.

கெடு வைத்தால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 2004 முதல் நாலு மணி நேரக் கெடு கொண்டுவந்தார்கள். ஓரளவு பயன் இருந்தது. கூடவே, நாலாவது மணி முடியும் தறுவாயில் அவசர அவசரமாக அட்மிஷன் போடும் பழக்கமும் வந்தது.

கேள்வி: ஆம்புலன்ஸில் போய் இறங்கினால் முன்னுரிமை கிடைக்குமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கிடைக்காது. ஆம்புலன்ஸில் வரும் சுளுக்கும் சுளுக்குதான். ஆனால் நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் விழுதல் என்றால் ஆட்டோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். பக்கவாதம் என்றால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால், உடனே எழுந்துபோய் நர்ஸிடம் சொல்லுங்கள். பச்சையைச் சிவப்பாக மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு.