காவல் நாய்க்குச் சிக்கனமான சத்துணவு

மரக்கறித் தோட்டத்தையும் நெற்களத்தையும் வீட்டையும் காப்பதற்குப் பெரிய நாய்களை வளர்க்கும் வழக்கம் கமக்காரரிடையே உண்டு. அல்சேசன், லாப்ரடோர், ரொட்வைலர் ஆகிய இனங்களும், இவற்றுடன் நாட்டு நாய் கலந்த கலப்பினங்களும் இவ்வேலைக்குப் பயன்படுகின்றன. இரவிலே தோட்டத்துள் காட்டுப்பன்றி புகுந்தாலும் கள்வர் புகுந்தாலும் முதலில் அறிவிப்பது நாயே. ஆயினும் 30 கிலோகிராம் நிறையுள்ள ஒரு நாய்க்கு நாள்தோறும் உணவளிப்பது சிறு செலவன்று. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியபின், பையில் விற்கப்படும் நாய்த்தீனை வாங்குவது பல குடும்பங்களுக்குக் கடினமாயிற்று.

இக்காரணத்தால் சோற்றையும் எஞ்சிய கறிக்குழம்பையும் மட்டும் நாய்க்கு இடுவோர் பலர். இவ்வுணவு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. சில மாதங்களில் நாயின் மயிர் உதிரும், தசை வற்றும், காவற்றிறன் குறையும். பசியாறாத நாய் அயலிலே திரிந்து கழிவுகளையும், வயல்களில் வைக்கப்பட்ட நஞ்சிரையையும் தின்ன நேரிடும். ஆகவே மலிவான பொருள்களுள் சத்துள்ளவற்றைத் தெரிந்து, அளந்து சமைத்துக் கொடுப்பதே உண்மையான சிக்கனமாகும்.

நாயின் தேவை

30 கிலோகிராம் நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 முதல் 1,700 கிலோகலோரி வரை சக்தி வேண்டும். இச்சக்தியின் பெரும்பகுதியைச் சோற்றிலிருந்து பெறலாம். நன்கு வெந்த சோற்றை நாய் எளிதிற் செரிக்கும். எனினும் அரிசியில் 100 கிராமுக்கு 7 அல்லது 8 கிராம் புரதமே உண்டு. கல்சியம் மிகக் குறைவு. பொசுபரசோ அதனினும் பன்மடங்கு அதிகம். தவிட்டிலும் இக்குறை உண்டு. எனவே சோற்றுடன் புரதத்தையும் கல்சியத்தையும் தனித்தனியே சேர்த்தல் இன்றியமையாதது.

மலிவான புரத உணவுகள்

சூடை, சாளை முதலிய சிறு மீன்கள் மலிவாகக் கிடைக்குங் காலத்தில் அவற்றிற் சிறந்த புரத உணவு வேறில்லை. முள் விரலால் நசுங்கும் வரை அவற்றை அவித்து மசித்தல் வேண்டும். பச்சை மீனில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் பொருள் இருத்தல் கூடுமாதலாலும், புழுக்கள் இருத்தல் கூடுமாதலாலும், மீனை அவியாது கொடுத்தலாகாது. பெரிய மீனின் தலையை அவித்தால் தசையையும் சாற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு முட்களை நீக்கிவிட வேண்டும். கருவாடாயின் நீரில் நன்கு ஊறவைத்து உப்பைப் போக்கிய பின்னரே அவித்தல் வேண்டும்.

வீட்டிலே கோழி வளர்ப்போர் உடைந்த முட்டைகளையும் மிகச் சிறிய முட்டைகளையும் நாய்க்கு ஒதுக்கலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பாசிப்பயறு, கௌபி, சோயா ஆகியன தானியங்களிலும் மிகுந்த புரதமுடையன. இவற்றை ஊறவைத்து, நன்கு குழைய வேகவைத்து மீனின் ஒரு பகுதிக்கு ஈடாகக் கொடுக்கலாம். அரைவேக்காட்டுச் சோயா செரியாது. ஈரலை அவித்து, கிழமைக்கு ஒருமுறை 50 கிராம் அளவிற் கொடுத்தல் நன்று. இதனின் மிகுதியாக நாள்தோறும் கொடுத்தால் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சித் தீங்கு விளையும்.

ஒரு நாளுணவு

30 கிலோகிராம் நிறையுள்ள வளர்ந்த நாயொன்றுக்குப் பின்வரும் அளவு பொருந்தும்.

மீன் கிடைக்கும் நாளில்:
குறுணல் அரிசி 300 கிராம்;
சுத்தஞ்செய்த சிறு மீன் 250 கிராம்;
பூசணி, கரட், கீரை முதலிய மரக்கறி 150 கிராம்;
தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி;
முட்டைக்கோதுத் தூள் அரைத் தேக்கரண்டி.

மீன் கிடையாத நாளில்:
குறுணல் அரிசி 250 கிராம்;
பாசிப்பயறு 100 கிராம்;
முட்டை 2;
மரக்கறி 150 கிராம்;
தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி;
முட்டைக்கோதுத் தூள் ஒரு தேக்கரண்டி.

அரிசியும் பயறும் சமைப்பதற்கு முன் நிறுக்கப்பட்ட அளவுகளாகும். முட்டைக்கோதைக் கழுவி, அவித்து, உலர்த்தி, மாவாக இடித்துப் போத்தலில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கோதிலே ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. விற்பனைக்கு உதவாத பூசணித் துண்டுகளும், தேர்ந்து நீக்கிய கரட்டும் இவ்வுணவிற் பயன்படும், அழுகியவை ஆகா. வீட்டுக்குச் சமைக்கும்போது, வெங்காயமும் மிளகாய்த்தூளும் சேர்ப்பதற்கு முன்னரே நாய்க்குரிய பங்கைப் பிரித்தெடுத்தல் வேண்டும்.

இவ்வுணவை இரு பங்காக்கிக் காலையிலும் மாலையிலும் கொடுத்தல் வேண்டும். பெரிய நாய் ஒரே வேளையில் மிகுதியாகத் தின்று உடனே ஓடினால் இரைப்பை உப்பி முறுகுதல் கூடும். இது சில மணி நேரத்தில் உயிரைப் போக்கும். ஆதலால் உணவு உண்டபின் ஒரு மணி நேரமாவது நாயை ஓய்வாக இருக்கவிடுக. வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் எடுக்க இயலாது தவிக்கும் நாயைத் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

அளவறிந்து கொடுத்தல்

மேற்கூறிய அளவு எல்லா நாய்க்கும் ஒன்றாகாது. விலாப்புறத்தைக் கையால் தடவும்போது எலும்புகள் எளிதில் உணரப்பட வேண்டும். ஆயினும் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தோன்றலாகாது. மேலிருந்து நோக்கும்போது இடை சற்று ஒடுங்கியிருத்தல் வேண்டும். எலும்பு கைக்குப் புலப்படாவிடின் உணவைப் பத்திலொரு பங்கு குறைக்குக; துருத்தித் தோன்றின் அவ்வளவே கூட்டுக.

ஐக்கிய அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் இறுதிவரை கவனித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2002 இல் வெளியாயிற்று. மற்றவற்றிலும் நாலிலொரு பங்கு குறைவாக உணவு பெற்ற நாய்கள் ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டு நோயும் அவற்றைப் பிந்தியே பற்றியது. கொழுக்க வளர்த்தல் பணத்துக்கும் நட்டம், நாய்க்கும் கேடு என்பதை இது காட்டுகின்றது.

குட்டிகளுக்குரிய கவனம்

பெரிய இனக் குட்டிக்கு எலும்பு வளர்ச்சியின் பெரும்பகுதி முதலாண்டிலேயே நிகழ்கின்றது. சோறும் இறைச்சியும் மட்டும் உண்ணும் குட்டிக்குக் கல்சியம் போதாது. அதன் கால்கள் வளைந்து, சிறு அடியிலும் முறியக்கூடும். இதற்கஞ்சிச் சுண்ணாம்பு மாத்திரைகளை மிகுதியாகக் கொடுத்தலும் பிழையே. 1980களில் நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகுந்த கல்சியம் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் எலும்பு வளர்ச்சி கெட்டது. வளர்ந்த நாயைப் போல மிகுதியான கல்சியத்தைத் தள்ளிவிடும் ஆற்றல் குட்டிக்கு இல்லை.

ஆகவே பணத்தைச் செலவிட வேண்டிய காலம் முதலாண்டேயாகும். இயலுமாயின் அக்காலத்தில் பெரிய இனக் குட்டிகளுக்கென ஆக்கப்பட்ட தீனை வாங்கிக் கொடுத்து, வளர்ந்த பின் வீட்டுணவுக்கு மாற்றுக. இயலாதோர் குட்டியின் நிறையை மிருக வைத்தியரிடம் காட்டிக் கல்சியத்தின் அளவைக் கேட்டறிதல் வேண்டும். நாலு மாதம் வரை நாளுக்கு 4 முறையும், ஆறு மாதம் வரை 3 முறையும் உணவளிக்குக.

தீன் வாங்குவோர் பையின் விலையை மட்டும் ஒப்பிடலாகாது. ஒரு நாட் செலவையே ஒப்பிடல் வேண்டும். ஒரு வகையில் நாளுக்கு 600 கிராமும் மற்றொரு வகையில் 400 கிராமும் தேவைப்படுமாயின், முதலாவது மூன்றிலொரு பங்கு மலிவாக இருந்தாலே இரண்டின் செலவும் சமமாகும்.

விலக்க வேண்டியவை

1. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். சமைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. வெங்காயக் கமக்காரர் கழித்த வெங்காயத்தை நாய்க்கு எட்டாத இடத்திற் கொட்டுக.

2. முந்திரிகைப் பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முந்திரிகைப் பந்தருள்ள வீடுகளில் விழுந்த பழங்களை அவ்வப்போது பொறுக்குக.

3. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, சோளம், புண்ணாக்கு ஆகியவற்றில் அஃபிளாடொக்சின் எனும் நஞ்சு உண்டாகி ஈரலைத் தாக்கும். மாட்டுக்கு ஆகாதெனக் கழித்ததை நாய்க்கும் இடலாகாது.

4. சமைத்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைத் துளைக்கும்.

5. பச்சை மரவள்ளிக் கிழங்கும் இலையும் நஞ்சுடையன.

6. பச்சை ஈரல், நுரையீரல் முதலியவற்றால் நாய்க்கு ஒருவகை நாடாப்புழு தொற்றக்கூடும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு கீரைப் பாத்தியிற் சேர்ந்து, கீரை வழியாக மனிதருள் சென்றால் ஈரலிற் கட்டிகள் தோன்றும். எனவே உறுப்பிறைச்சியை நன்கு அவித்தே கொடுக்குக; நாயைப் பாத்திகளில் விடாதொழிக.

7. கிருமிநாசினி இருந்த கொள்கலனைக் கழுவினாலும் தீன் பாத்திரமாகக் கொள்ளலாகாது. எலிக்கும் நத்தைக்கும் நஞ்சிரை வைக்கும் நாட்களில் நாயைக் கட்டிவைக்குக.

நல்லுணவு கொடுத்தும் நாய் மெலியுமாயின் குடற்புழு உண்டோ எனச் சோதித்தல் வேண்டும். கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் பொருக்குத் தட்டினால் நாகச் சத்துக் குறைவு காரணமாகலாம். இவை பற்றி அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய நிலையத்தில் ஆலோசனை பெறலாம். விசர்நாய்க்கடி நோய்க்கெதிரான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவிக்குக. தூய நீரை எந்நேரமும் நாய்க்கு எட்டும்படி வைக்குக. நாள்தோறும் ஒரு பானையில் அளந்து சமைக்கும் இச்சிறு முயற்சியால், காவல் நாய் பல ஆண்டுகள் உடல்நலத்தோடிருந்து பயிரையும் வீட்டையும் காக்கும்.