பாடம்: வாடகை வீடு பாதிக்கப்பட்டால் தங்குமிடச் செலவு

சொந்தக் காணியில் வீடு கட்டி முடியும் வரை உங்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பீர்கள். மாரி வெள்ளமோ தீயோ அந்த வீட்டைப் பாதித்தால் மீண்டும் இடம்மாற வேண்டிவரும். அந்தச் செலவு, வீடு கட்டச் சேர்த்த பணத்தைக் கரைத்துவிடலாம். எனவே இவற்றை முன்கூட்டியே அறிந்திருங்கள்.

1. வீட்டு உரிமையாளரின் காப்புறுதி போதுமா?
போதாது. அது பொதுவாகக் கட்டடத்துக்கானது. உங்கள் தளபாடங்களும் தையல் இயந்திரமும் வேறிடத்தில் தங்கும் செலவும் அதில் அடங்குவதில்லை. அவற்றுக்கு உங்கள் பெயரில் காப்புறுதி வேண்டும். கையொப்பமிட முன்னர் கேளுங்கள்:
• வெள்ளம், சூறாவளி அடங்குமா?
• மாற்று இடத்தில் தங்கும் செலவு அடங்குமா?
• அடங்குமானால் எவ்வளவு தொகை? எத்தனை மாதம்?
யுத்தத்தால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண காப்புறுதி ஏற்பதில்லை. காப்புறுதி எடுப்பதற்கு முன் நேர்ந்த இழப்புக்கும் நட்டஈடு கிடையாது.

2. எவ்வளவு கிடைக்கும்?
இத்தகைய காப்புறுதி வழமையாக மேலதிகச் செலவை மட்டுமே தரும். ஓர் உதாரணம்:
• வாடகை: முன்பு ரூபா 15,000, இப்போது 22,000, மேலதிகம் 7,000.
• சமையலறை இல்லாததால் உணவு: முன்பு 30,000, இப்போது 40,000, மேலதிகம் 10,000.
• பிள்ளைகளின் பஸ் கட்டணம்: முன்பு 2,000; இப்போது 5,000; மேலதிகம் 3,000.
கேட்கக்கூடிய தொகை மாதம் ரூபா 20,000. மொத்தச் செலவான 67,000 அல்ல.
இந்தக் கணக்கில் பழைய வீட்டு வாடகை நிறுத்தப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்ட வீட்டுக்கு வாடகை கட்டத் தேவையில்லை என உரிமையாளர் இணங்கினால், அதை எழுத்தில் பெறுங்கள்.

3. எதை வைத்திருக்க வேண்டும்?
• வாடகை ஒப்பந்தம், பழைய வாடகைப் பற்றுச்சீட்டுகள்
• சேதத்தின் புகைப்படங்கள் (துப்புரவு செய்ய முன்னர் எடுத்தவை)
• புதிய இடத்தின் பற்றுச்சீட்டுகள், திகதி வாரியாக
• கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கடிதம்
இவற்றை ஒரு பொலித்தீன் பையில் உயரமான இடத்தில் வையுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். தாமதித்தால் கோரிக்கை மறுக்கப்படலாம்.

4. மறுத்தால்?
காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். தீர்வு இல்லையெனில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

5. காப்புறுதி இல்லாதவர்கள்
பாதிப்பைக் கிராம அலுவலரிடம் தாமதமின்றிப் பதியுங்கள். பிரதேச செயலகத்தின் நிவாரணப் பட்டியலுக்கு அந்தப் பதிவே அடிப்படை. வாடகைக்கு இருப்பதையும் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையையும் தெளிவாகச் சொல்லுங்கள். அவசர வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

செய்து பாருங்கள்: இம்மாதம் வாடகை, உணவு, போக்குவரத்து ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாளை இடம்மாற நேர்ந்தால், மேலதிகச் செலவைக் காட்ட இந்தக் கணக்குத்தான் உதவும்.