பெட்டி வாங்கும் முன் இடம் பாருங்கள்



தையல் இயந்திரம், ஆட்டுக்குட்டி கேட்டு வரும் மனுக்களோடு இப்போது தேனீப் பெட்டி கேட்டும் நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் நாம் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

முன்பு ஒரு சகோதரிக்கு ஜகாத் நிதியிலிருந்து இரண்டு பெட்டிகள் வாங்கிக் கொடுத்தோம். கடலோரத்தில் உள்ள அவர் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ் வைத்தோம். தை மாதம் கொடுத்த பெட்டிகள் சித்திரையில் காலியாகக் கிடந்தன. தேனீக்கள் சாகவில்லை, கூட்டை விட்டுப் போய்விட்டன. அந்தச் சகோதரியின் பராமரிப்பில் குறை ஒன்றுமில்லை. இடம் பார்க்காமல் கொடுத்தது நம் குறை. ஜகாத் பணம் அமானிதம். அதே தவறை இரண்டாம் முறை செய்ய நமக்கு உரிமை இல்லை.

அல்குர்ஆனில் தேனீயின் பெயராலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது: 16ஆவது அத்தியாயமான அந்நஹ்ல். அதன் 68, 69ஆம் வசனங்களில் தேனீக்கு இறைவன் அறிவித்ததைப் பார்த்தால், முதலில் வருவது வீடு அமைக்கும் இடம். மலைகள், மரங்கள், மனிதர் கட்டும் அமைப்புகள் என்று மூன்று இடங்கள் சொல்லப்படுகின்றன. தேனும் அதிலுள்ள நிவாரணமும் அதன் பிறகே வருகின்றன. நாமும் அந்த வரிசையிலேயே போவோம்.

முதல் கேள்வி: பூ எங்கே?

பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இரை தேடும். வேம்பார் கடற்கரையில் பெட்டி வைத்தால் அந்த வட்டத்தில் பாதி கடல். மீதியிலும் மணல் எவ்வளவு, வீடுகள் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். அதே பெட்டியை மேற்கே தோட்டக்காட்டுக்குக் கொண்டுபோனால் வட்டம் முழுவதும் நிலம்.

நம் பக்கத்துப் பூக்கணக்கு இது. வாடை மழைக்குப் பின் கரிசல் காட்டில் கொத்தமல்லியும் சூரியகாந்தியும் பூக்கும். மாசி முதல் சித்திரை வரை முருங்கை, வேம்பு, சீமைக் கருவேலம் கைகொடுக்கும். அலகுப் பனையின் பாளை மகரந்தம் தரும். பதனீர்க் கலயத்தில் தேனீ மொய்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோடை முற்றியதும், கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிலும் பஞ்சம். அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து கொடுத்துத்தான் கூட்டைக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சீமைக் கருவேலத்தை அகற்றுவது அரசின் கொள்கையாகிவிட்டது. நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் அது நல்லதே. ஆனால் அந்த மரத்தை மட்டும் நம்பி வைத்த பெட்டி அடுத்த ஆண்டு பட்டினி கிடக்கும். எனவே பெட்டி வைப்பவர் வேம்பு, முருங்கை, இலந்தை, புளி ஆகியவற்றில் சிலவற்றையாவது இன்றே நட வேண்டும். நட்ட மரத்தில் மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இரண்டாம் கேள்வி: நிழலும் நல்ல தண்ணீரும் உண்டா?

தேனீக்கூட்டில் குஞ்சு வளரும் பகுதி ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர வைக்கும். வெப்பம் மேலும் ஏறினால் தேன் தேடும் வேலை நின்று, நாள் முழுவதும் தண்ணீர் சுமப்பதே வேலையாகிவிடும். மெழுகு அடையும் இளகித் தொங்கும். நம் மொட்டை மாடிப் பெட்டிக்கு நடந்தது இதுதான். கோடை கடுமையாகிவரும் இக்காலத்தில் தகரமும் கான்கிரீட்டும் ஆகாது. மர நிழலோ ஓலைப்பந்தலோ வேண்டும். உப்பளப் பக்கம் நல்ல தண்ணீர் கிடைக்காது. கூழாங்கல் போட்ட அகலத் தட்டில் தினமும் நன்னீர் வையுங்கள்.

மூன்றாம் கேள்வி: காற்றும் வெள்ளமும் எந்தப் பக்கம்?

கச்சான் மேற்கிலிருந்து புழுதியோடு அடிக்கும். ஆகவே வாசல் கிழக்கு நோக்கியும், முதுகுப் பக்கம் வேலியோ சுவரோ இருக்கும்படியும் வைக்க வேண்டும். வாடை மழை உள்ளே தேங்காதபடி பெட்டியின் முன்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கட்டும்.

வெள்ளத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். இனிமேல் 'இங்கே தண்ணீர் வராது' என்ற பழைய பேச்சை நம்ப முடியாது. அன்று தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து நிலத்துக்காரரைக் கேளுங்கள். அதற்கு மேலே மேடான இடம் பாருங்கள். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது.

நான்காம் கேள்வி: பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்களா?

பருத்திக்கும் மிளகாய்க்கும் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். பூத்திருக்கும் வேளையில் அடித்தால் தேனீ மாளும். நிலத்துக்காரரிடம் முன்பே பேசி, மாலையில் தேனீ அடைந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பகுதியிலும் இடம்தான் பாடம். அங்கே ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இளந்தளிரில் சுரக்கும் இனிப்புதான் தேனீக்குப் பெரும் இரை. அந்த நேரத்தில் பருவம் தவறி மழை பெய்தால் இனிப்பு கழுவிப் போகும், தளிரில் பூஞ்சாணமும் பிடிக்கும். நூறாண்டு அனுபவம் உள்ள பகுதிக்கே இந்த நிலை. ஆகவே அங்குள்ளவர்கள் ஒரே இடத்தை நம்பாமல் பருவத்துக்கு ஏற்பப் பெட்டிகளை இடம் மாற்றுகிறார்கள். நாமும் மழைக்குப் பின் கரிசல் காடு, கோடையில் கிணற்றுப் பாசனத் தோட்டம் என்று இரண்டு இடங்களையாவது பேசி வைக்க வேண்டும்.

கடலோர வீட்டை விட்டு வர இயலாத சகோதரிகளுக்கும் வழி உண்டு. கொட்டாத கொசுத்தேனீயை வீட்டுச் சுவரோரம், நிழலில், சிறு பெட்டியிலோ பானையிலோ வளர்க்கலாம். அது வெகுதூரம் பறக்காது. முற்றத்து முருங்கையும் துளசியும் அதற்கு உதவும். தேன் கொஞ்சம்தான், விலை அதிகம்.

இனி பெட்டி கேட்டு மனுச் செய்வோர் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதித் தர வேண்டும். அந்த இடத்துக்குக் காலை ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். எழுத இயலாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் வாருங்கள். நாமே கூட வந்து இடம் பார்க்கிறோம். பெட்டி ஒரு மாதம் தாமதமாகக் கிடைக்கலாம். ஆனால் சித்திரையிலும் அதில் தேனீ இருக்கும், இன்ஷா அல்லாஹ்.