பெனல்டிமேட் எந்த ஸ்டேஷன்?

நம்பிக்கை: ‘அல்டிமேட்’ என்றால் உச்சம். ‘பெனல்டிமேட்’ அதற்கும் ஒரு படி மேல்.

உண்மை: இந்தச் சொல் தரத்தைச் சொல்வதில்லை, வரிசையைச் சொல்கிறது. கடைசிக்கு முந்தையது என்பதே பொருள். தாம்பரத்தில் புறப்பட்டு விழுப்புரத்தோடு நின்றுவிடும் பாசஞ்சர் ரயிலில் வந்து பாருங்கள். திண்டிவனம் தாண்டினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பையோடு எழுந்து வாசலுக்கு வருவார்களே, அந்த முண்டியம்பாக்கம்தான் பெனல்டிமேட் ஸ்டேஷன்.

நம்பிக்கை: முன்னால் நிற்கும் ‘பென்’ சொல்லுக்கு அழுத்தம் கூட்டுகிறது.

உண்மை: குறைக்கத்தான் செய்கிறது. லத்தீனில் ‘பைனே’ என்றால் ஏறத்தாழ. ‘உல்திமுஸ்’ என்றால் கடைசி. ஏறத்தாழத் தீவாக இருக்கும் நிலத்தைப் ‘பெனின்சுலா’ என்பதும் இதே ‘பைனே’யால்தான். லத்தீனில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதைக் கடைசிக்கு முந்தைய அசை நெடிதா குறிதா என்று பார்த்தே முடிவு செய்வார்கள். அந்த அசையின் பெயராக இலக்கணத்தில் வேலை பார்த்த சொல், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பெயரடையாக வழங்கத் தொடங்கியது.

நமக்கு இது புதிதே அல்ல. நம் இலக்கணம் இதை ‘ஈற்றயல்’ என்கிறது. நேரிசை ஆசிரியப்பாவில் மற்ற அடிகளெல்லாம் நான்கு சீர் பெற, ஈற்றயலடி மட்டும் மூன்று சீரோடு நிற்கும். இதை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் பெனல்டிமேட்டைக் கண்டு மிரள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஈற்றயலைச் சொல்லிவிட்டு இதை அறிமுகம் செய்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

நம்பிக்கை: ‘பெனல்டிமேட் இயர்’ என்றால் இறுதியாண்டு.

உண்மை: பயிற்சி வேலைக்கு அழைக்கும் விளம்பரங்களில் வரும் தொடர் இது. நம் கல்லூரிகளில் ‘ப்ரீ ஃபைனல் இயர்’ என்பார்கள். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மூன்றாண்டு பட்டப்படிப்பு படிக்கும் மாணவிக்கு அது இரண்டாமாண்டு. நான்காண்டுப் பொறியியல் என்றால் மூன்றாமாண்டு. தவறாகப் புரிந்துகொண்டால், இறுதியாண்டு மாணவர் வீணாக விண்ணப்பிப்பார். அதைவிடக் கொடுமை, தகுதியுள்ள இரண்டாமாண்டு மாணவி தனக்கானது இல்லை என்று விட்டுவிடுவாள். இருபது ஓவர் மேட்ச் பார்ப்பவர்களுக்கு 19ஆவது ஓவரைக் காட்டினாலே போதும், பொருள் விளங்கிவிடும்.

நம்பிக்கை: முண்டியம்பாக்கம் என்றைக்கும் பெனல்டிமேட்தான்.

உண்மை: முடிவு எது என்று தெரிந்தால்தான் இந்தச் சொல்லுக்கு இடம். விழுப்புரத்தைக் கடந்து திருச்சிக்குப் போகும் வண்டியில் முண்டியம்பாக்கத்துக்கு இது பொருந்தாது. விழுப்புரத்தோடு நிற்கும் வண்டி என்றால், அதற்கும் முந்தைய விக்கிரவாண்டிக்குக்கூட ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: ‘ஆன்ட்டிபெனல்டிமேட்’.