முதுகெலும்பில் ஸ்க்ரூ, பக்கத்தில் ரத்தக்குழாய்: பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



நாற்று நடுவது, களை எடுப்பது, குடம் சுமப்பது என்று நம்ம உழைப்பெல்லாம் இடுப்பில்தான் இறங்குகிறது. இடுப்பு வலி இல்லாத உறுப்பினர் நம் குழுக்களில் குறைவுதான். பெரும்பாலும் அந்த வலி ஓய்விலும் பயிற்சியிலும் மாத்திரையிலும் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் ஆபரேஷன் செய்து, முதுகெலும்பில் ஸ்க்ரூவும் கம்பியும் வைக்க வேண்டி வருகிறது.

பிறகு எப்போதாவது ஸ்கேன் எடுத்தால், "ஸ்க்ரூவின் முனை பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது" என்று ரிப்போர்ட் வரலாம். அன்றோடு சிலருக்குத் தூக்கம் போய்விடும். "குனிஞ்சா குத்திடுமோ? இருமினா கிழிஞ்சிடுமோ?" என்று பயம். வேறு சிலர், "வலிதான் இல்லையே" என்று ரிப்போர்ட்டைப் பரணில் போட்டுவிடுவார்கள். இரண்டுமே சரியில்லை. விஷயம் என்னவென்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஸ்க்ரூ எதற்கு?

நம் முதுகெலும்பில் கழுத்துப் பகுதியில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என்று எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இவற்றில் ஒன்று நழுவினாலோ, உடைந்தாலோ, காசநோய் அரித்தாலோ, முதுகு அதிகமாக வளைந்துபோனாலோ, இரண்டு மூன்று எலும்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். வயதாகும்போது எலும்பு நழுவுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதிலும் இடுப்பின் 4-ஆவது எலும்புதான் அதிகமாக நழுவுகிறது.

சேர்த்த எலும்பு ஒட்டி வளர 6 மாதம் முதல் 1 வருடம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் இந்த ஸ்க்ரூ. கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுக்கிறோமே, அது மாதிரி. ஆனால் இந்த முட்டைப் பொதுவாகக் கழற்றுவதில்லை. தொந்தரவு இல்லையென்றால் கடைசிவரை உள்ளேயே இருக்கும்.

ரத்தக்குழாய் எங்கே போகிறது?

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி முதுகெலும்பின் முன்பக்கமாக, சற்று இடதுபுறம், எலும்பை ஒட்டியே இறங்கி வருகிறது. 4-ஆவது இடுப்பெலும்புக்கு முன்னால், ஏறக்குறைய தொப்புள் உயரத்தில், இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. கால்களிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரை வலதுபுறம் இருக்கிறது. ஆகவே முதுகெலும்புக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான்.

ஸ்க்ரூவைப் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து போடுகிறார்கள். இடுப்பில் போடுவது சுமார் 4 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும். சுவரில் நீளமான ஆணியை அடித்தால் மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும் அல்லவா? அதுபோல ஸ்க்ரூ நீளமாகிவிட்டாலோ, கோணம் மாறினாலோ, முனை எலும்பைத் தாண்டி வெளியே வந்துவிடலாம்.

மூன்று நிலைகள்

1. முனை எலும்புக்குள்ளேயே இருக்கிறது, ரத்தக்குழாய் பக்கத்தில் இருக்கிறது. இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

2. முனை வெளியே வந்து ரத்தக்குழாயைத் தொடுகிறது. இப்படி இருந்தும் பல வருடம் எந்தக் கெடுதலும் இல்லாமல் வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் பெருந்தமனி ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அபூர்வமாகச் சிலருக்கு, மாதங்களோ வருடங்களோ கழித்து, குழாயின் சுவர் தேய்ந்து வீங்கலாம் அல்லது கசியலாம். அதனால் டாக்டர் கண்காணிப்பு அவசியம்.

3. முனை குழாயை அழுத்திச் சுவரைக் குழியாக்கியிருக்கிறது அல்லது துளைத்திருக்கிறது. வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எந்த நிலை என்பதைச் சாதாரண எக்ஸ்ரேயில் உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேனிலும் உலோகம் பளபளத்து, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். குப்புறப் படுப்பது, மல்லாந்து படுப்பது இவற்றுக்கு ஏற்ப ரத்தக்குழாயும் கொஞ்சம் நகரும். அதனால் தேவைப்பட்டால் நரம்பில் மருந்து ஏற்றி, குழாய் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முன் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

என்ன சிகிச்சை?

சிலருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே போதும். சிலருக்கு ஸ்க்ரூவை எடுத்துவிடுவார்கள் அல்லது சின்ன ஸ்க்ரூவாக மாற்றுவார்கள். குழாய் சேதமாகியிருந்தால், முதலில் குழாய்க்குள் துணி சுற்றிய ஸ்டென்ட் வைத்துவிட்டு, பிறகு ஸ்க்ரூவை எடுப்பதும் உண்டு. இதற்கு முதுகெலும்பு டாக்டரும் ரத்தக்குழாய் டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஸ்க்ரூவை எடுப்பதும் ஒரு ஆபரேஷன்தான். எலும்பு ஒட்டுவதற்கு முன்னால் எடுத்தால், செய்ததெல்லாம் வீணாகலாம். எனவே பயத்தில் அவசரப்பட்டு, "எப்படியாவது கழட்டிப் போடுங்க டாக்டர்" என்று குழுவில் கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம். ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படம் உள்ள சி.டி.யையும் எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* முனை எலும்புக்குள் இருக்கிறதா, வெளியே வந்திருக்கிறதா?
* குழாயைத் தொடுகிறதா, அழுத்துகிறதா? அது தமனியா, சிரையா?
* எலும்பு ஒட்டிவிட்டதா?
* அடுத்த ஸ்கேன் எப்போது?
* ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?
* எவ்வளவு எடை தூக்கலாம்? எந்த வேலை கூடாது?

இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நம்ம உரிமை.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

* முதுகிலோ, நெஞ்சிலோ, வயிற்றிலோ திடீரென்று கிழிப்பது போன்ற வலி
* மயக்கம், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்தல்
* ஒரு கால் திடீரென்று ஜில்லிட்டு, வெளுத்து அல்லது நீலமாகி மரத்துப்போதல்
* ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி
* இருமலிலோ வாந்தியிலோ ரத்தம், அல்லது தார் போன்ற கருப்பு மலம்
* வயிற்றில் துடிக்கிற கட்டி
* கால் வலுவிழத்தல், சிறுநீர் போக முடியாமை

இவற்றில் எது வந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதுமே, "முதுகில் ஸ்க்ரூ இருக்கு, ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது.

இன்னொன்று. ஸ்க்ரூ வைத்த முதுகைச் சுளுக்கு எடுக்கிறேன் என்று மிதிக்கவோ, முறுக்கவோ விடாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்துவதும் வேண்டாம்.

ஒரு பை, எல்லாக் காகிதமும்

டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, ஸ்க்ரூவின் அளவு ஒட்டிய ஸ்டிக்கர், எக்ஸ்ரே, ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் பாதுகாக்கிற மாதிரி இதையும் பாதுகாக்க வேண்டும். பை இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அவசர நேரத்தில் டாக்டருக்கு வழிகாட்டுவது அந்தப் பைதான்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்கள் இருக்கிறார்களா? அவர்களுடைய காகிதங்கள் பத்திரமாக உள்ளனவா?
2. "பக்கத்தில் இருக்கிறது", "தொடுகிறது", "அழுத்துகிறது" இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?
3. ராத்திரியில் அவசரம் என்றால், அந்த அக்காவோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு அன்றைக்கே ஒரு பெயரை முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.