அறிந்ததைச் சொல்வதும் ஓர் அமல்



சென்ற ஆண்டு நம் டிரஸ்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, இன்றே கடைசி நாள் என்றது அந்தச் செய்தி. நாங்களும் விசாரிக்காமல் அதை மற்றக் குழுக்களுக்கு அனுப்பினோம். பீடி சுற்றும் தாய்மார்கள் சிலர் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு, ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் போய் நின்றார்கள். அது பழைய செய்தி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. 2022-23 கல்வியாண்டிலேயே அந்த உதவித்தொகை 9, 10 வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டிருந்தது. தாய்மார்களுக்கு ஒரு நாள் கூலி போனது.

விசாரிக்காமல் அனுப்பியது எங்கள் தவறு. அந்தச் சகோதரிகளிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். ஆனால், குழுவில் இருந்த ஆசிரியர் ஒருவருக்கு இந்த விவரம் முன்பே தெரிந்திருந்தது என்று பிறகு அறிந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "பெரியவங்க போட்ட செய்தி, நாம எதுக்குக் குறுக்கே பேசணும்னு இருந்துட்டேன்" என்றார்.

வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்கப்பட்ட கல்வியை மறைப்பவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். அனுப்புகிறவருக்கு முதலாவது பாடம். அறிந்தும் பேசாதிருப்பவருக்கு இரண்டாவது பாடம். இணையத்தில் நம்மில் பலர் இந்த இரண்டாவது வகையினர்தான். எல்லாவற்றையும் படிக்கிறோம்; ஒரு வரி எழுதுவதில்லை.

ஆலமரத்தடி

எழுதுகிறவர்களால் மட்டுமே நடக்கும் ஓர் இணையச் சமூகம் தமிழில் இருக்கிறது. அது தமிழ் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கியது; 2017-இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தொடக்க காலத்தில் அதைத் தாங்கி வளர்த்தவர்களில் முக்கியமானவர் இ. மயூரநாதன். இலங்கைத் தமிழர், கட்டடக் கலைஞர். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது.

அங்கே பொது விஷயங்களைப் பேசும் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' என்றே பெயர். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிவிடும். ஆதாரம் இல்லாமல் எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். தவறாக எழுதினால் இன்னொருவர் திருத்துவார். எழுதியவர் பெரியவரா சிறியவரா என்பது அங்கே கேள்வி இல்லை. எழுதியது சரியா என்பதுதான் கேள்வி. நம் குழுவில் அந்தப் பழக்கம் இருந்திருந்தால் அந்தத் தாய்மார்கள் வீணாக அலைந்திருக்க மாட்டார்கள்.

அதிராம்பட்டினத்தின் உமர்தம்பி

இதெல்லாம் படித்த பெரிய ஆட்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர்தம்பி அவர்கள், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே பிழைப்புக்காக துபாய் சென்றவர். அங்கே மின்னணுச் சாதனப் பிரிவில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தார். அக்காலத்தில் இணையத்தில் தமிழ் படிப்பதே சிரமம். ஒவ்வொரு தளத்திற்கும் ஒவ்வோர் எழுத்துரு. அது நம் கணினியில் இல்லையென்றால் புரியாத குறிகள்தான் தெரியும். உலகம் முழுவதற்கும் பொதுவான யூனிகோடு முறை வந்த பிறகும், தமிழில் அதற்கேற்ற எழுத்துருக்கள் குறைவாகவே இருந்தன. உமர்தம்பி அவர்கள் 'தேனீ' என்ற யூனிகோடு எழுத்துருவை உருவாக்கி, யாவரும் பயன்படுத்த இலவசமாகவே கொடுத்தார். இணையக் குழுக்களில் தமிழ் எழுதத் தடுமாறியவர்களுக்குச் சலிக்காமல் வழி சொன்னார்.

2006 ஜூலையில் அவர் வஃபாத்தானார். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் ஓர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மனிதன் மரணித்த பின்னும் நன்மை தொடரும் மூன்று வழிகளில், பிறர் பயன்பெறும் கல்வியும் ஒன்று என்பது நாம் அறிந்த நபிமொழி.

நம் முன் உள்ள வேலை

விக்கிப்பீடியாவில் 'சங்கரன்கோவில்' என்று தேடுங்கள், கட்டுரை வரும். அதில் நம் மஹல்லாவைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால், பிறர் எழுதியதை நம் பிள்ளைகள் படிப்பார்கள். அல்லது படிக்க ஒன்றுமே இருக்காது.

பெரியவர்கள் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அரபு எழுத்தில் எழுதிய தமிழ் அது. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். வீடு வெள்ளையடிக்கும்போது அவை பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன. போடும் முன் எங்களிடம் காட்டுங்கள்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் பிழை திருத்துங்கள். கட்டுரையில் 'தொகு' என்பதை அழுத்தி ஓர் எழுத்துப் பிழையைச் சரிசெய்தாலும் அது பங்களிப்புதான். பழகிப் பார்க்க 'மணல்தொட்டி' என்ற பக்கம் உண்டு.

2. அச்சில் வந்த ஆதாரத்தைக் காட்டுங்கள். செவிவழிச் செய்தியைத் தனியே எழுதி வையுங்கள். அதற்கு விக்கிப்பீடியா இடமல்ல.

3. பிறர் எழுதியதை நகலெடுக்காதீர்கள். பழைய நூலானால், ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கடந்தனவா என்று பாருங்கள். அதற்குள் என்றால் காப்புரிமை இருக்கும்.

4. நம் குடும்பப் பெருமையோ, நம் டிரஸ்டின் புகழோ, பிரச்சாரமோ அங்கே வேண்டாம். வீட்டுப் பெண்களின் படங்கள், தொலைபேசி எண்கள் எதையும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

5. மாற்றுக் கருத்து வந்தால் கோபப்படாமல் ஆதாரத்தோடு பதில் சொல்லுங்கள். நம் தவறென்றால் ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் இதைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பெண்களுக்கு அன்று காலை மதரஸாவில் தனி வகுப்பு. கல்லூரி மாணவ மாணவியர் கற்றுத்தருவார்கள்; பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

முன்பு சொன்ன ஆசிரியர் இப்போது நம் குழுவில் வரும் உதவித்தொகைச் செய்திகளைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். எங்கள் செய்தி ஒன்றையே சென்ற மாதம் அவர் திருத்தினார். அல்ஹம்துலில்லாஹ்.

நமக்குத் தெரிந்த நன்மையைப் பிறருக்குச் சொல்லும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

— செயலாளர்