வீட்டு ஸ்டுடியோ: மைக் வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய 5 கணக்கு

பாட்டு எழுதுறவங்க, கீபோர்ட் வாசிக்கிறவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் பாட்டு, மறுநாள் காலையில திரும்ப ஆபீஸ். "ஒரு நல்ல செட்டப் இருந்தா நானும் பெருசா வருவேன்"னு தோணும்போது, ஆன்லைன் கடை "நோ-காஸ்ட் இஎம்ஐ"னு கூப்பிடும். வீடியோவில் சுருக்கமா சொன்ன விஷயத்தை இங்கே எண்களோட பார்ப்போம்.

1. எது முதல்ல வந்தது: ஸ்டுடியோவா, வருமானமா?

வீட்டு ஸ்டுடியோன்னாலே எல்லாரும் காட்டுற உதாரணம் ஏ.ஆர்.ரஹ்மான். 1989-ல் கோடம்பாக்கம் வீட்டுக்குப் பின்னாடி 'பஞ்சதன்' ஸ்டுடியோவை ஆரம்பிச்சார். அம்மா நகையை அடகு வைக்கக் கொடுத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்துச்சுன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார். "அப்ப நாமும் கடன் வாங்கலாமே"ன்னு கேட்பீங்க.

ஆனா வரிசையைப் பாருங்க. 1976-ல் அப்பா ஆர்.கே.சேகர் இறந்த பிறகு, அவரோட இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்துச்சு. அந்த வீட்டுல கருவியே சம்பாதிச்சுக் கொடுத்த சொத்து. அப்புறம் ரஹ்மான் பல வருஷம் மத்த இசையமைப்பாளர்களுக்கு கீபோர்ட் வாசிச்சார். 1987-லேயே ஆல்வின் வாட்ச் விளம்பரத்துக்கு இசை போட்டார். அதுக்குப் பிறகுதான் ஸ்டுடியோ, 1992-ல் 'ரோஜா'. ஆக, கடன் வரும்போதே வேலையும் வந்துட்டு இருந்தது. நமக்கான பாடம் அந்த வரிசைதான்.

2. 'நோ-காஸ்ட்' எவ்வளவு காஸ்ட்?

நீங்க ராஜபாளையத்துல ஒரு மில் ஆபீஸ்ல இருக்கீங்க, கைக்கு வர்ற சம்பளம் ₹28,000, எல்லாம் போக மிச்சம் ₹8,000னு வச்சுக்குவோம். கண்ணுல பட்ட செட் ₹36,000. கிரெடிட் கார்டுல 12 மாசம், மாசம் ₹3,000.

வட்டி 15%னு எடுத்தா, அந்த 12 தவணைக்குள்ள சுமார் ₹2,760 வட்டி ஒளிஞ்சிருக்கு. கடை அந்த அளவுக்குத் தள்ளுபடி கொடுத்துடும், சரி. ஆனா வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் ₹497 உங்க தலையில. ப்ராசஸிங் கட்டணம் ₹199ன்னா ஜிஎஸ்டியோட ₹235. மொத்தம் ₹732 கூடுதல். ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி போச்சுன்னா அதுவும் நஷ்டம்.

இந்த ₹732 கூட பரவாயில்ல. ஒரு வருஷத்துக்கு உங்க மிச்சத்துல கிட்டத்தட்ட 38% கட்டிப்போடப்படுது பாருங்க, அதுதான் ஆபத்து. நடுவுல வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா, கார்டு பாக்கி நின்னு மாச வட்டி ஏற ஆரம்பிக்கும்.

3. நாலு மாசம், நாலு பாட்டு

அதுக்குப் பதிலா இப்படி செஞ்சு பாருங்க. அதே ₹3,000-ஐ மாசாமாசம் ஆர்டி-யில் போடுங்க. அதே நாலு மாசத்துல, இருக்கிற போனை வச்சு மாசம் ஒரு பாட்டு முழுசா முடிங்க. பேண்ட்லேப், கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டி, ரெண்டுமே இலவசம். ஒயர் வச்ச ஹெட்போன் போதும். ப்ளூடூத்ல சத்தம் தாமதமா வரும், தாளம் தப்பும்.

ரூமுக்கு ஃபோம் வாங்க வேண்டாம். துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்சு, பின்னாடி மெத்தையை நிறுத்தினாலே எதிரொலி நல்லா குறையும். சத்திரப்பட்டி பக்கம் வீடுன்னா தறி ஓடாத நேரம் பாத்துக்கங்க. எந்த மைக்கும் அந்தச் சத்தத்தை மறைக்காது.

நாலு மாசம் கழிச்சு நாலு பாட்டு இருந்தா, கையில ₹12,000-ம் இருக்கும். ஆரம்ப நிலை ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக்னு அந்தத் தொகைக்குள்ள ரொக்கமா வாங்குங்க. பாட்டு முடியலையா? பணம் பத்திரமா இருக்கு. உங்களுக்கு மைக் குறையல, நேரம்தான் குறையுதுன்னு தெரிஞ்சுக்கிட்டீங்க.

4. பணம் எங்கிருந்து வரும்?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவை ஓடினாதான் ராயல்டி கணக்குக்கே வரும். யூடியூப்ல விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்க்ரைபர், 12 மாசத்துல 4,000 மணி நேரம் வேணும் (ஷார்ட்ஸ் வழி தனி). 4 நிமிஷப் பாட்டுன்னா, முழுசா 60,000 தடவை கேக்கணும்.

ஆனா ஊர்ல ஒரு ஜவுளிக்கடை விளம்பரப் பாட்டுக்கு ₹2,000 வாங்கினா, ஆறே பாட்டுல போட்ட ₹12,000 திரும்பிடும். கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டுவிழா எல்லாமே சந்தைதான். அடுத்த மைக், ஸ்பீக்கர் எல்லாம் இந்த வருமானத்துல மட்டும் வாங்குங்க. சம்பளத்தைத் தொடாதீங்க.

5. காகித வேலை

செண்பகத்தோப்பு ஓடையில வீடியோ எடுக்கணும்னு ஆசையா? அந்தக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோட சேர்ந்தது. வனத்துறை அனுமதி வாங்கிட்டு கேமராவைத் தூக்குங்க. அபராதம் எந்த பட்ஜெட்லயும் இருக்காது.

ஆண்டாள் ஊர்க்காரங்க திருப்பாவை பாடி பதிவேத்த நினைப்பீங்க. வரிகளுக்கு யார்கிட்டயும் காப்புரிமை கிடையாது. ஆனா கச்சேரிகள்ல பிரபலமான மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைச்சது. அவர் மறைஞ்சது 1967. இங்கே காப்புரிமை படைச்சவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம். அதனால மெட்டை நீங்களே போடுங்க, உரிமையும் உங்களுக்கே.

உங்க பாட்டை யாராவது கேட்டா, "எல்லா உரிமையும்"ங்கிற வரியைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க. 2012 சட்டத் திருத்தப்படி, பாட்டு எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்த ராயல்டியை வசூலிச்சுத் தர 1969-லிருந்து ஐபிஆர்எஸ் அமைப்பு இருக்கு.

வேலைக்குச் சேரும்போது கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல "வேறு தொழில் கூடாது"ன்னு இருக்கான்னும் பாருங்க. பாட்டு வருமானத்தை ரிட்டர்ன்ல காட்டணும். அது தொழில் வருமானம் ஆயிட்டா ஐடிஆர்-1 செல்லாது.

இந்த வார வீட்டுப்பாடம்: கடைசி மூணு மாச மிச்சத்தை எழுதுங்க, ஆர்டி ஒண்ணு ஆரம்பிங்க, முதல் பாட்டை போன்லயே பாடிப் பதிவு பண்ணுங்க. ஆன்லைன் கார்ட்ல இருக்கிற மைக் நாலு மாசம் அங்கேயே இருக்கட்டும்.